முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட தொடர்

எங்கள் குடியிருப்பில் பிற்பகல் ஒன்றரை மணிக்கு யாரும் யாரையும் தொலைபேசியில் அழைப்பதில்லை. கதவைத் தட்டுவதும் இல்லை. அந்த நேரத்தில் தட்டுகிறவர் ஊருக்குப் புதியவராகவோ கூரியர் ஆளாகவோ இருக்கவேண்டும். குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி நின்ற ஆறு வீட்டுக் கட்டடம் அது. ஒன்றரை முதல் இரண்டு வரை எங்களில் மூன்று பேர் தரைத்தளத்தில், வீட்டுக்கார அக்காவின் கூடத்தில் இருப்போம். எல்லார் வீட்டிலும் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் புறநகரில் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அக்காவின் வீட்டில் மட்டும்தான் இன்வெர்ட்டரும், கேபிள்காரரை நம்பாமல் மொட்டைமாடியில் நிறுத்திய டிஷ்ஷும் இருந்தன. மின்சாரம் இருந்த நாட்களிலும் கால்கள் தாமாகவே கீழே இறங்கின. தனியாக உட்கார்ந்து பார்த்தால் யாரோடு சண்டை போடுவது?

அக்கா அந்த மண்ணுக்குரியவர். நாங்கள் குடியிருந்த இடத்தில் அவருடைய மாமனார் நெல் நட்டாராம். அதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லமாட்டார். மழைக்காலத்தில் எங்கள் வாசலில் மட்டும் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று யாராவது குறைப்பட்டால் அதற்குக் காரணமாகச் சொல்வார். இரண்டாம் தளத்தில் ஓர் இளம்பெண். அவளுடைய கணவருக்கு நாவலூரில் கணினி நிறுவனத்தில் வேலை. காலையில் நிறுவனப் பேருந்தில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். நான் முதல் தளம். ஒரு பதிப்பகத்துக்காக வீட்டிலிருந்தபடியே அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தேன். பிழை பார்த்துப் பழகிய கண் தொலைக்காட்சியின் முன்னாலும் ஓய்வதில்லை. மற்ற இருவருக்கும் அது ஒரு தொல்லை.

தொடர் ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கூட்டுக்குடும்பம். அதன் இரண்டாவது மருமகளின் கணவன் மலைப்பாதையில் கார் உருண்டு இறந்துபோகிறான். அவள் அப்பளக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, மூத்தாரின் சூழ்ச்சிகளை ஒவ்வொன்றாக முறியடித்துக்கொண்டு வருகிறாள். தொடக்கத்தில் நன்றாக இருந்தது என்பதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எப்போது கெட்டுப்போனது என்பதில்தான் இருந்தது. வசனம் எழுதுகிறவர் மாறிய நாளிலிருந்து என்பது என் கட்சி. தொடக்கத்தில் ஓடும் பெயர்களை நான் ஒருத்திதான் படிப்பேன். மாமியாராக நடித்தவர் விலகி, 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று எழுத்துப் போட்டு வேறொருவரைக் கொண்டுவந்த நாளிலிருந்து என்பது இளம்பெண்ணின் கட்சி. கெட்டுப்போகவே இல்லை என்பது அக்காவின் கட்சி.

"பின்ன இன்னாத்துக்கு ரெண்டு பேரும் தினம் வந்து உக்கார்றீங்க? ஊசிப்போன கொழம்ப யாராவது தினம் வந்து நக்கிப் பாப்பாங்களா?" என்பார்.

"சும்மா டைம்பாஸ் ஆன்ட்டி" என்பாள் இளம்பெண்.

"டைம்பாஸுக்கு வேர்க்கடல வாங்கித் தின்னு."

எங்களுக்குள் நெடுநாள் நடந்த வழக்கு அந்தக் கணவனைப் பற்றியது. கார் உருண்டதைக் காட்டினார்கள், தீப்பிடித்ததைக் காட்டினார்கள், உடலைக் காட்டவில்லை. இவன் என்றைக்காவது திரும்பி வருவான் என்று அன்றே சொன்னேன்.

"எப்டி வருவான்?" என்றார் அக்கா. "காரியம் பண்ணியாச்சி. படத்துக்கு மாலை போட்டாச்சி. உனுக்குப் பொஸ்தகம் படிச்சிப் படிச்சி எல்லாத்துலயும் சந்தேகம்."

"பாடிய காட்டலையே அக்கா."

"காட்டாத போனா செத்தது செத்தது இல்லன்னு ஆயிடுமா?"

அந்த வழக்கை மூன்று ஆண்டுகள் நடத்தினோம். இருவருமே ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிறகு ஓர் ஆடி மாதம், புதன்கிழமை முற்பகலில், அலுவலகத்தில் கோப்பு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த என் கணவர் மேசைமேல் தலையைச் சாய்த்தார். கண்ணயர்கிறார் என்று எண்ணிப் பக்கத்து இருக்கைக்காரர் சிறிது நேரம் எழுப்பாமல் விட்டுவிட்டாராம். இதயத்தில் கோளாறு இருந்தது அவருக்கே தெரியாது.

அதற்குப் பிந்தைய வாரங்களை நினைவுகூர முயலும்போது, துக்கம் என்று சொல்லத்தக்க எதுவும் கைக்கு அகப்படுவதில்லை. தாள்கள்தான் அகப்படுகின்றன. இறப்புச் சான்றிதழில் என் மாமனார் பெயரில் ஒரு பிழை இருந்தது. பென்சிலால் ஓரத்தில் திருத்தக்குறி இட்ட பிறகே அது அச்சுப்படி அன்று என்று உணர்ந்தேன். அதைச் சரிசெய்ய ஒரு வாரம் அலைந்தேன். வாரிசுச் சான்றுக்காகத் தாம்பரத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் மேலும் சில நாட்கள் நின்றேன். வரிசையில் நின்ற நாட்கள் பரவாயில்லாமல் போயின. நான் அழவில்லை. கோவையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகள் ஒவ்வொரு மாலையும் அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலிலேயே "அழுதியாம்மா?" என்று கேட்பாள். இன்னும் இல்லை என்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் புறப்பட்டபோது, சில மாதங்களுக்குப் பிறர் வீட்டு வாசல் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இரண்டு நாள் கழித்து அக்கா மேலே வந்து நிலைப்படியில் நின்றார்.

"மணி ஒண்ணேகால் ஆவுது. கெளம்பு."

"ஏதாவது சொல்லுவாங்க அக்கா."

"யாரு சொல்றது? என் வூடு. நான் கூப்புடறேன்."

போனேன். சுவரோரம் என் வழக்கமான இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். அப்பளக் கம்பெனிக்கு வங்கிக் கடன் கிடைக்குமா என்று அந்த அரைமணி நேரம் கவலைப்பட்டேன். நாள் முழுவதிலும் நான் கவலைப்பட்ட நேரம் அது ஒன்றுதான். அது முடிந்து படியேறும்போது கால்களில் சிறிது பலம் இருக்கும். துணி மடிப்பேன், ஏதாவது சமைப்பேன். இப்படி ஒரு மாதம் சென்றது.

ஒரு வியாழனும் வெள்ளியும் குடும்ப ஓய்வூதியம் தொடர்பாக அவருடைய அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்ததால் நான் கீழே போகவில்லை. திங்கட்கிழமை ஒரு மணிக்கு அக்கா மேலே வந்தார். பின்னால் இளம்பெண்ணும் வந்தாள்.

"நாடகம் முடிஞ்சிபோச்சி" என்றார் அக்கா. தொலைக்காட்சித் தொடரை எங்கள் பக்கத்தில் நாடகம் என்றுதான் சொல்வார்கள்.

"முடிஞ்சிடுச்சா? எப்படி?"

"வெள்ளிக்கெழமையோட. பெரியவன் கால்ல வுழுந்தான். எல்லாரும் ஒண்ணு சேந்துட்டாங்க. வரிசையா நின்னு போட்டோ புடிச்சிக்கினாங்க. அவ்ளோதான்."

"கடைசி வாரம்னு விளம்பரம் எதுவும் போடலையே."

"போட்டாங்க ஆன்ட்டி. நீங்க கவனிக்கல" என்றாள் இளம்பெண், என் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி.

நான் நம்பினேன். ஆறு ஆண்டுத் தொடரை ஒரு வெள்ளிக்கிழமையில் முடித்துவிட முடியாது என்பது வேறு எப்போதாக இருந்தாலும் எனக்குத் தோன்றியிருக்கும். அந்த நாட்களில் எது முடிந்துவிட்டது என்று சொன்னாலும் நம்பியிருப்பேன். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி, செய்திக்கும் கிரிக்கெட்டுக்குமாக அவர் பார்த்துவந்தது; அதை நான் போடவே இல்லை.

அதன் பிறகு ஒன்றரை மணி வந்து நின்றுகொண்டே இருக்கும். தரையில் படுத்து மின்விசிறியைப் பார்ப்பேன். மின்சாரம் நின்ற நாட்களில் நின்றுபோன மின்விசிறியைப் பார்ப்பேன். பதிப்பகத்திலிருந்து வந்த அச்சுப்படிகளை உரிய நாளில் திருப்பி அனுப்பினேன். நான் விட்டுவிட்ட பிழைகளைப் பற்றி அவர்கள் ஒரு முறை, மிகுந்த தயக்கத்தோடு, தொலைபேசியில் சொன்னார்கள். ஒன்றேகாலுக்குப் பிறகு இளம்பெண்ணின் செருப்புச் சத்தம் என் வாசலைக் கடந்து இறங்குவது வழக்கம். அது நின்றுபோயிருந்தது. தொடர்தான் இல்லையே, அவள் எதற்காக இறங்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஏழு வாரம் ஆயிற்று. ஐப்பசியில் ஒருநாள் காலை, மீன்காரப் பெண் கூடையோடு வந்தாள். கோவளத்துப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து எங்கள் தெருக்களில் விற்பவள். மகளின் பிரசவத்துக்காக நான்கு மாதம் வராமலிருந்தாள். அக்கா அன்று சந்தைக்குப் போயிருந்தார். நான் இறங்கிப் போய்க் கால் கிலோ சங்கரா கேட்டேன்.

"இன்னாக்கா, கால் கிலோ போதும்ன்றே? சார் ஊர்ல இல்லியா?"

நான் சொன்னேன். செதில் சீவிக்கொண்டிருந்த கையை அவள் நிறுத்தவில்லை.

"எப்போ?"

"ஆடியில."

"நோவா?"

"இல்ல. திடீர்னு."

"என் வூட்டுக்காரரு கடல்ல போயி ஒம்போது வருசம் ஆவுது" என்றாள். "ஒடம்பு கெடைக்கல. கொஞ்ச நாளு போட் வர்ற நேரத்துக்குக் கரையில போயி நின்னுகினு இருப்பேன். அப்பறம் கூடையத் தூக்கிட்டேன். அதான் இந்த நாடகத்தப் பார்த்தா வயிறு எரியுது."

"எந்த நாடகம்?"

"அதான், ஒண்ணரைக்கு வர்ற அப்பளக்காரி நாடகம். நீகூட கீழூட்டுல குந்திகினு தினம் பாப்பியே."

"அது முடிஞ்சிடுச்சே."

"யாரு சொன்னது? நேத்துகூட பார்த்தேன். மலையில வுழுந்தானே புருசங்காரன், அவன் வந்துக்கீறான். வேற மூஞ்சி. ஆப்பரேசன் பண்ணி மாத்திட்டாங்களாம். ரெண்டு மாசமா அதையேதான் காட்டிகினு கெடக்கறானுங்க. எவன்க்கா அப்டி வரான்? முன்னெல்லாம் பாக்கற மாதிரி இருந்திச்சி. இப்ப வாய்க்கு வந்தத எடுக்கறானுங்க." மீனை நறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒரு துண்டும் போட்டாள்.

மேலே வந்து மீனை மஞ்சள் தூள் போட்டு அலசி வைத்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான் மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவந்தது நடந்துவிட்டது. நடந்த வாரத்தில்தான் அக்கா மேலே வந்து, தொடர் முடிந்துவிட்டது என்று சொன்னார். இறந்த கணவன் வாசலில் வந்து நிற்பதையும், அந்த மருமகள் ஓடிப்போய்ப் பார்ப்பதையும் நான் பார்க்கவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதற்காக அந்த இளம்பெண் ஏழு வாரம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு என் வாசலைக் கடந்து இறங்கியிருக்கிறாள். அக்கா தொலைக்காட்சியின் ஒலியை, மாடிக்கு எட்டாத அளவுக்குக் குறைத்திருக்கிறார்; தாளிக்கிற ஓசைக்கு மேலாக வசனம் கேட்கவேண்டும் என்பவர். நாள்தோறும் ஓடுகிற ஒன்றை, ஒரே கட்டடத்துக்குள், எத்தனை நாள் மறைத்துவிட முடியும் என்று இருவருமே யோசித்திருக்கமாட்டார்கள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றரை மணிதான் வந்தது. இறங்கிப் போனேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. நான் உள்ளே போனதும் அக்கா ரிமோட்டை எடுத்து அழுத்தினார். யாரோ வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"சமையல் நிகழ்ச்சி பாக்கறோம் ஆன்ட்டி" என்றாள் இளம்பெண்.

"மாத்துங்க அக்கா. மீன்காரம்மா சொல்லிட்டா" என்றேன்.

அக்கா மாற்றினார். அவர்கள் இருவரும் திரையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்கள். உயரமான ஒரு மனிதன் கூடத்தின் நடுவில் நின்றிருந்தான். மாலை போட்ட தன் படத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் இருந்தது பழைய நடிகர். நான் படித்த கதைகளில் இறந்தவர்கள் திரும்பி வருவதுண்டு; வேறு முகத்தோடு வருவதில்லை. எனக்குள் எதுவும் நிகழவில்லை. நிகழவேண்டிய இடத்தில், பல் பிடுங்கிய பிறகு மரத்திருக்கும் ஈறுபோல, ஒரு தடிப்பு மட்டும் தெரிந்தது.

விளம்பர இடைவேளையில் நான்தான் பேசினேன். "பழைய ஆள் இடது கைக்காரர். கல்யாண ரிஜிஸ்டர்ல இடது கையால கையெழுத்துப் போட்டார். இவர் டம்ளரை வலது கையில எடுக்கறார்."

வேறு நாளாக இருந்தால் அக்கா எழுந்தே நின்றிருப்பார். அன்று தலையை ஆட்டினார். "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

"ஆமா ஆன்ட்டி, நீங்கதான் கரெக்டா நோட் பண்ணுவீங்க" என்றாள் இளம்பெண்.

"இவன் திரும்பி வருவான்னு அன்னிக்கே சொன்னேன், இல்ல?"

"சொன்னீங்க" என்றார் அக்கா. "நீங்க சொன்னதுதான் நடந்திச்சி."

மூன்று ஆண்டு வழக்கில் எனக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு அமர்ந்திருந்தபோதுதான், அந்த மூன்று மாதங்களில் முதல் முறையாக, நான் எதையோ இழந்துவிட்டது எனக்குப் புரிந்தது. கீழே வந்துபோன முதல் மாதத்தையும் திரும்ப எண்ணிப் பார்த்தேன். அப்போதும் அவர்கள் என்னை ஒரு சொல் மறுத்துப் பேசியதில்லை. நான்தான் கவனிக்கவில்லை. சான்றிதழ் கொடுத்த எழுத்தரிலிருந்து பதிப்பகத்தார் வரை எல்லோரும் என்னிடம் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூடத்திலும் அப்படியே ஆகிவிட்டால் எனக்கு மேலே படுத்திருப்பதும் கீழே உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான். தொடர் எனக்கு வேண்டியதில்லை. என்னோடு சண்டைபோட ஒருவர் வேண்டும். அதைக் கேட்டுப் பெறவும் முடியாது.

விளம்பரம் முடிந்து, புதிய கணவன் அழும் காட்சி வந்தது. அது முடிந்ததும் சொன்னேன்:

"எனக்கென்னவோ இப்பதான் தொடர் ரொம்ப நல்லா இருக்குன்னு தோணுது. இந்த ஆறு வருஷத்துல இதுமாதிரி நல்லா இருந்ததே இல்ல."

இளம்பெண் என்னைப் பார்த்தாள். "நிஜமாவா ஆன்ட்டி? பிளாஸ்டிக் சர்ஜரிகூடவா?"

"அதுகூடத்தான். புது ஆள் பழைய ஆளைவிட நல்லா நடிக்கிறார்."

அக்காவின் கை ரிமோட்டைப் பிடித்தபடி தொடைமேல் கிடந்தது. விரல்கள் அசைந்தன. ஆமாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். வரவில்லை. கெட்டுப்போகவே இல்லை என்று ஆறு ஆண்டு வாதாடியவருக்குக்கூட, அந்த ஏழு வாரமும் தொடர் எவ்வளவு கேவலமாகிவிட்டது என்பது தெரிந்திருந்தது. என்னிடம் சொல்லமுடியாமல் வைத்திருந்ததும் அதுதான் போலும்.

"எது நல்லாருக்குது?" என்றார் மெதுவாக.

"எல்லாம்தான்."

"மூஞ்ச மாத்திக்கினு வந்தவன நாய் மோந்து பார்த்துக் கண்டுபுடிக்குதாம், பெத்தவளுக்குத் தெரியலியாம். இது நல்லாருக்குதா?"

"நாய்க்கு மோப்ப சக்தி உண்டு அக்கா."

"கூடத்துல இவ்ளோ நாளா ஒரு நாய பார்த்துக்கிறியா நீ? எங்கிருந்து வந்துச்சி அது?"

"மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு தீபாவளி எபிசோடுல இருந்தது."

"இல்லவே இல்ல."

"இல்ல ஆன்ட்டி, இருந்துச்சு, ஆனா அது வெள்ளை நாய்" என்றாள் இளம்பெண். அக்கா அவள் பக்கம் திரும்பி, நேற்றுவரை நீயும் இதைக் கண்றாவி என்றுதானே சொன்னாய், இன்று எந்தக் கட்சி என்று கேட்டார். மணி இரண்டே கால் ஆகியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் கதவைத் தட்டினார்கள். அக்கா நின்றிருந்தார். ஏழு வாரப் பொய்யைப் பற்றி ஏதாவது சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை, நானும் கேட்டதில்லை.

"புது ஆளு நல்லா நடிக்கிறான்னியே, நெஜமாத்தான் சொன்னியா?" என்றார்.

"ஆமாம்."

"அழுவுற சீனு பார்த்தே இல்ல? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்திச்சா? கைய வெச்சி மறச்சிக்கினான்."

"எல்லாரும் கண்ணீர் விட்டுத்தான் அழணுமா அக்கா?"

கேட்ட பிறகு, நான் கேட்டது எதைப் பற்றி என்பது இருவருக்கும் தெரிந்தது. அவர் முகத்தில் ஒரு கணம் அந்தப் பழைய தயக்கம் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அஞ்சினேன்.

"அழுவணும்" என்றார். "நாடகம்னா அழுவணும். வூட்ல நீ அழு, அழாத போ, எவ கேக்கப் போறா? அவன் சம்பளம் வாங்கறான் இல்ல?"

"சம்பளம் வாங்கினா உடனே கண்ணீர் வந்துடுமா?"

"வரணும். கிளிசரின் எதுக்குக் கண்டுபுடிச்சிக்கீறாங்க?"

அது இயல்பான நடிப்பு என்றேன். இயல்பு வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக்கொள்ளலாமே, எதற்குக் கரண்டு செலவு என்றார். கீழே அவருடைய குக்கர் விசிலடித்தது. அவர் திரும்பிப் படியிறங்கினார். இறங்கிக்கொண்டே, பழைய ஆள் தங்கை கல்யாணத்தில் எப்படி அழுதான் என்று விவரித்தார். நான் மாடிப்படிக் கைப்பிடிமேல் சாய்ந்து, அது மிகை நடிப்பு என்று கீழே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.